பெருங்களத்தூர் களைக்கவில்லை

மார்கழிப் பனி இன்னும் விலகாத காலை. தைல மரங்களுக்கு நடுவே காக்கிச் சட்டை போட்ட நாய் ஒன்று நடந்து வருகிறது. சட்டை என்றால், ஆஸ்பத்திரித் தையல்காரர் பழைய துணியில் தைத்துக் கொடுத்த, வயிற்றுக்குக் கீழே முடிச்சுப் போடும் ஒரு போர்வை. அதன் மேல் சோப்பு டப்பா அளவில் ஒரு தகரப் பெட்டி. பெட்டியிலிருந்து இரண்டு மெல்லிய ஒயர்கள் சட்டைக்குள் போகின்றன. நாய் தன் பாட்டுக்கு நடக்கிறது, ஒரு மரத்தை முகர்கிறது, காலைத் தூக்குகிறது. அதன் இடது தோளுக்குப் பின்னால் முதுகு மட்டும் தனியாகத் துடித்துக்கொண்டிருக்கிறது, அசையாத தண்ணீரை யாரோ விரல் நுனியால் தொட்டுக்கொண்டே இருப்பது போல. தாம்பரம் ஸ்டேஷனிலிருந்து மின்சார ரயில் புறப்படும் ஊதல் சத்தம் பனிக்குள் புதைந்து வருகிறது. நான் கையில் காபித் தம்ளரோடு நாய்க்கொட்டகை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். எனக்கு இப்போது எண்பதைத் தாண்டிவிட்டது. கண்ணை மூடினால் அந்த நாய் இன்னும் அந்த மரத்தடியில்தான் நடந்துகொண்டிருக்கிறது.

நாயின் பெயர் பெருங்களத்தூர். சிரிக்க வேண்டாம். எங்கள் கொட்டகையில் எல்லா நாய்களுக்கும் ரயில் ஸ்டேஷன் பெயர்தான். எந்த ஊர்த் தெருவில் பிடிபட்டதோ அந்த ஊர். குரோம்பேட்டை என்று ஒன்று இருந்தது, பல்லாவரம் என்று இரண்டு இருந்தன, பெரிய பல்லாவரம், சின்னப் பல்லாவரம். கொட்டகையைப் பார்த்துக்கொண்ட ஆள் வைத்த பழக்கம் அது. காலையில் கஞ்சிச் சட்டியோடு நின்று அவர் கூப்பிடுவதைக் கேட்டால் பீச் ஸ்டேஷனுக்குப் போகிற வண்டியை அறிவிப்பது போலவே இருக்கும்.

எழுபதுகளின் தொடக்கம் அது. தாம்பரத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் நான் நெஞ்சு அறுவைப் பிரிவில் உதவி டாக்டர். பகலெல்லாம் தியேட்டரும் வார்டும். அதற்கு முன்னும் பின்னும் கிடைக்கிற நேரத்தில் கொட்டகைக்கு ஓடிவிடுவேன். அங்கே எனக்கு ஒரு பைத்தியம் பிடித்திருந்தது. இதயம் என்பது கடைசியில் ஒரு தசைதான். அது பலவீனமாகிப் பெருத்துத் தளர்ந்துபோனால் அந்த நாளில் எங்களிடம் இருந்தது இரண்டு மாத்திரைகள், ஒன்று துடிப்புக்கு, ஒன்று நீர் இறங்க. அவ்வளவுதான். ஆனால் அதே உடம்பில், முதுகில், கைக்கு அடியிலிருந்து இடுப்பு வரை விசிறி மாதிரி ஒரு தசை சும்மா கிடக்கிறது. அது இல்லாமலும் மனிதன் வாழலாம். அதன் நரம்பையும் ரத்தக் குழாயையும் அறுக்காமல், மெல்லப் பெயர்த்து, விலா எலும்பில் சின்ன ஜன்னல் வெட்டி உள்ளே விட்டு, தளர்ந்த இதயத்தைச் சுற்றிக் கட்டிவிட்டால்? இதயம் துடிக்கும்போதெல்லாம் நரம்புக்கு ஒரு சின்ன மின்சாரத் தட்டுக் கொடுத்தால், அந்தத் தசையும் சேர்ந்து சுருங்கி ஒரு கை கொடுக்காதா? நடக்க முடியாதவரை வீட்டு ஆட்கள் தோளில் தாங்கிக் கூட்டிப்போவதில்லையா, அது போல.

கொடுக்கும், ஆனால் பத்து நிமிஷம்தான். அதுதான் தலைவலி. இதயத் தசை பிறந்ததிலிருந்து ஓய்வு கேட்காது. கை கால் தசை அப்படியல்ல, ஓட வைத்தால் ஓடும், பிறகு உட்காரப் பார்க்கும். மயக்க மருந்து கொடுத்த நாயின் முதுகுத் தசையில் ஒரு சிறு எடையைக் கட்டி, நரம்பைத் தட்டித் தட்டி இழுக்க வைப்போம். பக்கத்தில் புகைக் கரி பூசிய தாள் சுற்றிய உருளை மெல்லச் சுழலும், அதில் ஒரு முள் கோடு கீறிக்கொண்டு போகும். முதலில் கோடுகள் உயரமாக, பனைமர வரிசை போல எழும். அப்புறம் குட்டையாகும். பத்தாவது நிமிஷத்தில் வெறும் புல். பெரிய பல்லாவரமும் புல், சின்னப் பல்லாவரமும் புல். தினமும் கொஞ்ச நேரம் பயிற்சி கொடுத்தால் பயில்வான் உடம்பு போலத் தசை தேறும் என்று நான் கணக்குப் போட்டேன். காலையில் அரைமணி, மாலையில் அரைமணி, வேகமாகவும் பலமாகவும், வினாடிக்கு முப்பது தட்டு. ஆறு வாரம் அப்படிப் பழக்கிய நாய் களைக்காது என்று நம்பினேன்.

அப்போது பார்த்து எங்கள் வெளிநாட்டு மின்தூண்டல் கருவி, கரண்ட் ஏறி இறங்கியதில் வால்வு வெடித்துச் செத்துப்போனது. புதுசுக்கு எழுதிப் போட்டால் ரிட்டயர் ஆவதற்குள் வரும். கொட்டகைக்காரர்தான் சொன்னார், முடிச்சூர் ரோட்டில் ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு ரேடியோ ரிப்பேர் கடை இருக்கிறது, அந்த ஆள் கைபட்டால் செத்த ரேடியோவும் பேசும் என்று. நான் அரை மனதோடு ஆள் அனுப்பினேன். சைக்கிளில் வந்து இறங்கினார், நாற்பது வயதிருக்கும், சட்டைப் பையில் டெஸ்டர், காதுக்குப் பின்னால் பென்சில். செத்த கருவியைத் திறந்து பார்த்துவிட்டு, “இத்த வுட்டுடுங்க டாக்டரம்மா. நாய் முதுவுல கட்டிகினு நடக்கிற மாதிரி சின்னதா ஒண்ணு நான் செஞ்சு தரேன். இன்னா வேணும்னு மட்டும் சொல்லுங்க” என்றார். நான் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். நாலே நாளில் அந்தத் தகரப் பெட்டியோடு வந்து நின்றார்.

எதற்கு இது என்று அவர் கேட்டார். எனக்கு அன்று நல்ல மூடு. பெரிய பல்லாவரத்தின் முதுகைத் தடவிக்காட்டி முழுக்கதையும் சொன்னேன்.  கேட்டு முடித்ததும் அவர் சைக்கிள் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டார். பிறகுதான் அவருடைய மனைவியைப் பற்றிச் சொன்னார். மூன்று வருடத்துக்கு முன் ஒரு பிரசவம். குழந்தை தங்கவில்லை. அதற்குப் பிறகு அவளுக்கு மூச்சு வாங்குகிறது, கால் வீங்குகிறது, இதயம் பெருத்துவிட்டது என்று எங்கள் ஆஸ்பத்திரியிலேயே சொல்லியிருக்கிறார்கள். “அவளுக்கு இத்த வெக்க முடியுமா டாக்டரம்மா?” என்று கேட்டார்.

முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். நாயிலேயே பத்து நிமிஷம் தாண்டாத விஷயம் மனிதருக்கு வரப் பத்திருபது வருடமாகும், வராமலும் போகலாம் என்று எனக்குத் தெரியும். எங்கள் சீஃப் கொட்டகைப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காதவர். ஆனால் எனக்குப் பெட்டி வேண்டியிருந்தது, பெட்டியைக் கவனித்துக்கொள்ள ஆள் வேண்டியிருந்தது. “இந்த அடுத்த நாய் ஜெயிக்கட்டும். நான் சீஃப்கிட்ட பேசறேன்” என்று வாய் கூசாமல் சொன்னேன். அவர் முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்த்தும் நான் அதைத் திருத்தவில்லை.

அந்த அடுத்த நாய்தான் பெருங்களத்தூர்.

ரேடியோக்காரரின் மனைவியை நான் முதலில் பார்த்தது கடையில். ஒரு ஞாயிற்றுக்கிழமை. பிரித்துப் போட்ட ரேடியோக்களுக்கு நடுவில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். முப்பது வயதுகூட இருக்காது. கண்ணுக்குக் கீழே கறுப்பு, கழுத்து நரம்பு புடைத்துத் தெரிந்தது, ஆனால் வாய் மட்டும் ஓயவில்லை. “நீங்கதான் நாய்க்குச் சட்டை தெச்சுப் போடற டாக்டரம்மாவா? எனக்கு ஒரு ரவிக்கை தெச்சுத் தர இந்த மனுசனுக்கு மூணு மாசமா நேரமில்ல” என்றாள். அவர் சோல்டர் கம்பியைக் கீழே வைக்காமலே சிரித்தார். அன்று அவள் என்னோடு கேட் வரை நடந்து வந்தாள். அவ்வளவு மெதுவாக நடக்கிற ஆளை நான் பார்த்ததில்லை. வழியில் எங்காவது உட்காரலாமா என்று கேட்டேன். “வேணாம். மின்னெல்லாம் வேகமா போயி நாலு எடத்துல குந்துவேன். இப்ப மெதுவா போறேன், எங்கியும் குந்தறதில்ல. கோயிலுக்கு இப்பிடியே போயி வந்துடறேன்” என்றாள். எனக்கு வார்டுக்கு நேரமாகிவிட்டிருந்தது. அந்த நடைக்கு ஈடு கொடுத்து நடப்பது பெரும்பாடாக இருந்தது. அவள் சொன்னதைக் காதில் வாங்கினேனே தவிர மனதில் போட்டுக்கொள்ளவில்லை.

பெருங்களத்தூருக்கு நரம்பில் ஒயர் வைத்துத் தைத்தோம். புண் ஆறியதும் பெட்டியைக் கட்டினோம். அந்த ஆறு வாரமும் என் நினைவில் ஒரே நீண்ட காலையாகத்தான் இருக்கிறது. பனி, தைல மர வாசனை, விமான தளத்திலிருந்து கிளம்பிய பயிற்சி விமானம் ஒன்று வானத்தில் எங்கோ தூக்கத்தில் முனகுவது போலச் சுற்றும் சத்தம், காக்கிச் சட்டைக்குள் துடிக்கும் முதுகு. ரேடியோக்காரர் தினமும் கடை திறப்பதற்கு முன் வந்துவிடுவார். புது பேட்டரி மாற்றுவார், நாயின் காதைச் சொறிந்துவிடுவார், போவார். நாளுக்கு ஒரு மணிநேரம் ஓடும் பெட்டிக்குத் தினம் ஒரு பேட்டரி எதற்கு என்று ஒரு சின்னக் குழந்தைகூடக் கேட்டிருக்கும். நான் கேட்கவில்லை. என்னே அக்கறை என்று நினைத்துக்கொண்டேன். காலையில் பார்த்தேன், துடித்தது. மாலையில் பார்த்தேன், துடித்தது. நான் பார்த்த நேரமெல்லாம் அது துடிக்க வேண்டிய நேரமாகவே இருந்தது. நடுப்பகலில் ஒரு நாள் வந்து பார்த்திருந்தால் விஷயம் அன்றே வெளிப்பட்டிருக்கும்.

சோதனை நாள் வந்தது. தை முடியப்போகிற ஒரு புதன்கிழமை, பிற்பகல். பெருங்களத்தூருக்கு மயக்க மருந்து கொடுத்து மேஜையில் கிடத்தினோம். ரேடியோக்காரர் கடையைப் பூட்டிவிட்டு வந்து ஜன்னலுக்கு வெளியே நின்றார். வேறோர் இடத்தில் கடன் வாங்கிய தூண்டல் கருவியை நரம்பு ஒயரில் மாட்டினோம், உருளை சுழல ஆரம்பித்தது. பத்து நிமிஷம் ஆயிற்று, கோடுகள் குட்டையாகவில்லை. இருபது ஆயிற்று. நான் தாளை மாற்றினேன். நாற்பது. மறுபடி தாளை மாற்றினேன். ஒரு மணிநேரம் கழித்தும் முள் அதே உயரத்துக்குப் போய்ப் போய் வந்துகொண்டிருந்தது. கொட்டகைக்காரர் கைதட்டியே விட்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

பிறகுதான் கோடுகளை உற்றுப் பார்த்தேன். உயரம் சரி, ஆனால் வடிவம் சரியில்லை. மற்ற நாய்களின் தசை சடக்கென்று இழுத்து சடக்கென்று விடும். இது சோம்பல் முறிப்பது போல இழுத்தது, அதைவிட மெதுவாக விட்டது. ஆரோக்கியமான முதுகுத் தசை இப்படி இருக்காது. ஏதோ கெட்டிருக்கிறது. பெட்டியைக் கழற்றி மீட்டரில் வைத்துப் பார்த்தேன். வினாடிக்கு முப்பது இல்லை, பத்து. நேரம் பார்த்து நிறுத்தும் சுவிட்ச் இருக்க வேண்டிய இடத்தில் ரேடியோக்காரர் ஒரு ஒயரைச் சேர்த்துப் பற்றவைத்திருந்தார். அரைமணி, அரைமணி என்பதே கிடையாது. ஆறு வாரம் இரவு பகல் ஓயாமல் மெதுவாக ஓடியிருக்கிறது.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அது ஆஸ்பத்திரி முழுக்கத் தெரியும். ஜன்னலுக்கு வெளியே நின்ற மனிதரை உள்ளே கூப்பிட்டேன். யாரைக் கேட்டு மாற்றினீர்கள் என்றேன்.  “நீங்க சொன்ன மாதிரிதான் மொதல்ல வெச்சேன். நாய் நின்ன எடத்துல இறுகிப்போயி, அப்பால தொளதொளன்னு ஆயிடுச்சு. பாக்க முடியல. கொஞ்சமா, மெதுவா, ஆனா நிறுத்தாம வெச்சா ஒருவேளை...” என்று இழுத்தார். “நாய் களைக்கலியே டாக்டரம்மா.” நான் என்னென்ன சொன்னேன் என்பது முழுதும் நினைவில்லை, சொன்னதில் ஒன்று மட்டும் வார்த்தை மாறாமல் இருக்கிறது. “தசையையே கெடுத்து வெச்சிருக்கீங்க. இந்த ஒரு நாயை நம்பித்தான் எல்லாம் இருந்தது. உங்களால எல்லாம் பாழ்.” அவர் உருளைத் தாள்களின் மேல் நான் சிவப்பு மையில் “செல்லாது” என்று எழுதுவதைப் பார்த்துக்கொண்டே நின்றார். நாய்க்கு மயக்கம் தெளிகிற வரை காத்திருந்தார். கெட்டுப்போன நாய்தானே, நான் வீட்டுக்குக் கொண்டுபோகட்டுமா என்று கொட்டகைக்காரரிடம்தான் கேட்டார், என்னிடம் கேட்கவில்லை. ஒயரை எடுத்துத் தையல் போட்டு நாலு நாள் கழித்து அவரிடமே கொடுத்தனுப்பினோம்.

அதோடு என் பைத்தியமும் தெளியத் தொடங்கியது. அடுத்த இரண்டு நாய்களை என் கணக்குப்படியே வேகமாகவும் பலமாகவும் பழக்கினேன். இரண்டும் புல். சீஃப் கொட்டகையை மூடச் சொன்னார். எனக்கு நகரத்துக்குள் ஓர் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது, எழும்பூர்ப் பக்கம் குடிபோனேன். அந்த வருடம் ஐப்பசி மழையில், வார்டில் பழகிய ஒரு நர்ஸ் எழுதிய கடிதத்தின் கடைசி வரியில் செய்தி இருந்தது. ரேடியோக் கடைக்காரரின் மனைவி தவறிவிட்டாள். நான் போகவில்லை. போய் என்ன சொல்வது? ஒரு கார்டில் இரண்டு வரி எழுதிப் போட்டேன். அவளுக்கு எந்த நாளும் அந்த அறுவை நடந்திருக்காது, அதனால் அந்தப் புதன்கிழமைக்கும் இந்தச் சாவுக்கும் சம்பந்தமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது உண்மைதான். ஆனால் அந்த உண்மை எனக்கு மட்டும்தான் தெரியும் என்பது அப்போது உறைக்கவில்லை.

ஆறேழு வருடம் ஓடிற்று. ஒரு மதியம் மருத்துவ நூலகத்தில், வேறு எதையோ தேடப்போய், வெளிநாட்டுப் பத்திரிகை ஒன்றைப் புரட்டிக்கொண்டிருந்தேன். தலைக்கு மேலே மின்விசிறி கிறீச்சிட்டது. ஒரு பக்கத்தில் கண் நின்றது. கை கால் தசையின் நரம்பை மெதுவாக, வினாடிக்குப் பத்துத் தடவை போல, வாரக்கணக்கில் ஓயாமல் தட்டிக்கொண்டிருந்தால் அந்தத் தசையின் சுபாவமே மாறிவிடுகிறது என்று எழுதியிருந்தது. களைப்பு என்பதையே மறந்து, இதயத் தசை போல உழைக்கத் தொடங்குகிறது. வேகம் மட்டும் குறைந்துவிடும். மெதுவாக இழுக்கும், மெதுவாக விடும். அது கேடல்ல, மாற்றத்தின் அடையாளமே அதுதான். கூடவே ஒரு படமும் இருந்தது. அந்தக் கோடுகளை விரலால் தொட்டுக்கொண்டே போனேன். அவை பெருங்களத்தூரின் கோடுகள். சிவப்பு மையில் நான் செல்லாது என்று எழுதிய அதே சோம்பல் கோடுகள். அந்தப் பத்திரிகையை மூடி வைத்துவிட்டு நான் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியாது. தைல மர வாசனை மூக்கில் அடித்தது போலிருந்தது, நூலகத்தில் ஏது மரம்.

இடையில் இதையும் சொல்லிவிடுகிறேன். பிற்காலத்தில் சில ஊர்களில் அந்த அறுவையை மனிதர்களுக்கே செய்து பார்த்தார்கள், மெதுவாகப் பழக்கிய முதுகுத் தசையை வைத்து. சிலருக்கு உதவியது, பலருக்கு எதிர்பார்த்தபடி உதவவில்லை. வேறு வழிகள் வந்தன, இதை விட்டுவிட்டார்கள். நான் எதையோ கண்டுபிடித்து உலகப் புகழ் பெறத் தவறிவிட்டேன் என்று ஒரு நாளும் அழுததில்லை. சத்தியமாக. என்னைத் துளைத்தது வேறு.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை எழும்பூரில் ரயிலேறினேன். கிண்டி, மீனம்பாக்கம், பல்லாவரம், குரோம்பேட்டை என்று ஒவ்வொரு ஸ்டேஷனாக வண்டி நின்றபோது ஒவ்வொரு நாயின் முகமாக வந்து போனது. என்ன பேசுவது என்று மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தேன். அவர் என்ன கேட்பார் என்பது எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். அப்படியானால் அவள் பிழைத்திருப்பாளா என்று கேட்பார். இல்லை என்று சொல்ல வேண்டும், அதையும் அவர் நம்பும்படி சொல்ல வேண்டும். 

கடை அதே இடத்தில்தான் இருந்தது. வாசலில் இப்போது டேப் ரெக்கார்டர்களும் அடுக்கியிருந்தன. அவருக்கு முடி நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று ஒரு ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். நாய் போன வருடம்தான் செத்தது என்றார். நான் உட்கார்ந்த உடனே, மரியாதைப் பேச்சுகூட இல்லாமல், படித்ததைச் சொல்லிவிட்டேன். தசை கெடவில்லை, மெதுவாக ஓயாமல் வைத்ததுதான் சரி, என் கணக்குத்தான் தப்பு, உங்களைப் பேசியது தப்பு என்று மூச்சு விடாமல் சொன்னேன். அவர் ஓடிக்கொண்டிருந்த ரேடியோவை அணைத்தார்.

“அப்ப நாய் கெடலியா?”

“கெடலை. நீங்க வெச்சதுதான் சரி.”

“நான் எங்க வெச்சேன்,” என்றார். “எனக்கு இன்னா தெரியும். மொத நாளு நாய் பட்ட பாட்ட வூட்ல வந்து சொன்னேன். அவதான் சொன்னா. என்னிய ஓடச் சொன்னா நானும் அப்பிடித்தான்யா வுழுவேன், மெதுவா நடக்க வுடு, குந்த வுடாதன்னா. நான் அத்தத்தான் செஞ்சேன்.”

அன்று என்னிடம் ஏன் இதைச் சொல்லவில்லை என்று கேட்டேன். “நீங்க கோவமா இருந்தீங்க. அவ பேர எதுக்கு இழுக்கணும்னு வுட்டேன்” என்றார்.  கேட்டுக்கு அந்தப் பக்கம் ரயில் ஒன்று போயிற்று, கடையில் இருந்த கண்ணாடிகள் எல்லாம் லேசாக அதிர்ந்து அடங்கின. பிறகு என்னைப் பார்க்காமல், கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். அந்தப் புதன்கிழமை அவர் வீட்டுக்குப் போனபோது அவள் வாசற்படியில் காத்திருந்தாளாம். இன்னாய்யா ஆச்சு என்று கேட்டாளாம். அவளால்தான் கெட்டது என்று எப்படிச் சொல்வது? நாய் ஜெயித்துவிட்டது, நீ சொன்னதுதான் சரி என்று டாக்டரம்மாவே சொன்னார்கள் என்று சொல்லிவிட்டார். அவளுக்கு அப்படி ஒரு சந்தோஷம். கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொன்னாளாம், மழைக்காலம் வரை சொல்லிக்கொண்டே இருந்தாளாம். “டாக்டருங்களுக்கே தெரியாதத்த நான் சொல்லி அவுங்க எழுதி வெச்சுகினாங்கன்னு நர்ஸாண்ட கூடச் சொன்னா. கடைசி நாளு மூச்சு வாங்கிகினு கெடக்கிறப்பவும் அந்தப் பேச்சுதான். பொய்யச் சொல்லி அனுப்பிட்டேனேன்னு இத்தினி வருசமா எனக்கு...” என்றவர் நிறுத்திவிட்டார்.

 நான் ஒத்திகை பார்த்த கேள்வியை அவர் கேட்கவே இல்லை. சீஃபிடம் பேசுகிறேன் என்று நான் சொன்னதுதான் பொய், அப்போதே அது நடக்காத காரியம் என்று எனக்குத் தெரியும், என்ன செய்திருந்தாலும் அவளைக் காப்பாற்றியிருக்க முடியாது என்று சொன்னேன். வார்த்தைகள் முன்னும் பின்னுமாக வந்தன. திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், திட்டினால் தேவலை என்றிருந்தது. அவர் தலையை ஆட்டினார். அது தெரிந்த விஷயம் என்பது போலவும் இருந்தது, காதிலேயே விழவில்லை என்பது போலவும் இருந்தது. இவ்வளவு வருடமாக அந்த மனிதரை நான் எங்கே நிறுத்திவிட்டுப் போயிருக்கிறேன் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

“டாக்டரம்மா,” என்றார். “அப்ப அவகிட்ட நான் சொன்னது பொய் இல்லதானே?”

“இல்ல. நிஜம். அவங்க சொன்னதுதான் சரி.”

அவர் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தார். “இன்னொரு தபா சொல்லுங்க” என்றார். நான் சொன்னேன்.